திறந்த மடையை எவன் மூடறது?

ஏங் கண்ணு, முழி ரெண்டும் மொளகாப் பழமாட்டம் செவந்து கெடக்குது? தூக்கமில்லையா? ராத்திரி ரெண்டு மணிக்கு உன்ற போனு அலறுனப்ப நானும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். எழுபத்தெட்டு வயசுல தூக்கங்கறது ஒறம்பரையாட்டம். வந்தா வந்துச்சு, வராட்டிப் போச்சுது. "அப்புச்சி தூங்குது, ஸ்பீக்கர்லயே பேசு"ன்னு நீ உங்கூட ரூமுல இருக்கற மண்டியாப் பையங்கிட்டச் சொன்னது என்ற காதுல உழுந்துச்சு. போர்வையைச் சித்தெ நல்லா இழுத்து மூடிக்கிட்டேன். ஓசியில நாடகம் நடந்தா எந்திரிச்சுப் போறவன் முட்டாளு.

கதை என்னன்னு எனக்குப் பாதி ராத்திரியே புரிஞ்சு போச்சு. உங்க ஆன்லைன் கடையில சனங்க பணம் கட்டறாங்க. பணம் போயிருது, ஆர்டர் மட்டும் போக மாட்டேங்குது. ஏன்னு பாக்கறதுக்கு, நடந்ததைக் கம்ப்யூட்டரு எழுதி வெக்கற உன்ற லாக்கைத் தெறந்தீங்க. அதுல நாலாயிரம் வரி. நாலாயிரத்துலயும் ஒரே வாசகம்: 'சம்திங் வென்ட் ராங்.' ஏதோ தப்பாயிருச்சுன்னு அர்த்தமாமே! அடேங்கப்பா, இதைச் சொல்றதுக்கு எதுக்கு அப்புனு கம்ப்யூட்டரு? நம்மூரு கோடங்கி அம்பது ரூவாய்க்கு இதையே சொல்லுவானே. கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் குடுப்பான்.

போன வாரம் நீ என்னைய ஆட்டோவுல ஏத்தி பேகூருக்கு அனுப்பி வெச்சயே, நாகேஸ்வரர் கோயிலுக்கு. அங்க ஒரு கல்லு இருக்குது. 890-ஆம் வருசத்தை ஒட்டி வெட்டுனதாம், பழைய கன்னடம். பெங்களூருச் சண்டையில இன்ன ஆளு செத்தான்னு சொல்லுது. இந்த ஊருக்குப் 'பெங்களூரு'ன்னு பேரு இருந்ததுக்கே கெடைச்ச ரொம்பப் பழைய சாட்சி அதுதான்னு சொல்றாங்க. நெனைச்சுப் பாரு. கல்லுல எழுதறவன் ஒவ்வொரு எழுத்துக்கும் உளி புடிச்சு அடிக்கோணும். அவனே எங்க, யாரு, என்ன நடந்துச்சுன்னு மூணையும் உடலை. உனக்கு வெரலால தட்டறதுக்கு வலிச்சுப் போச்சு. அந்தக் கல்லை வெட்டுனவன் உன்னையாட்டம் ஆளா இருந்திருந்தா, 'ஏதோ சண்டையாயிருச்சு'ன்னு வெட்டிப்போட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இந்த ஊருக்கு இன்னைக்குப் பேரே இருந்திருக்காது.

இவனுக்கு என்ன தெரியும்னு மனசுக்குள்ள சிரிக்கற பாத்தயா, அங்கதான் நீ எடறி உழுகற. முப்பத்தியொரு வருசம் பால் சொசைட்டியில பேரேடு எழுதுன கை இது. காலையில நீ மீட்டிங்குல உக்காந்திருந்தப்ப அந்த மண்டியாப் பையன் எனக்கு எல்லாத்தையும் வெளக்குனான். பாதி கன்னடம், பாதி தமிழு, மீதி கையால படம். லாக்குன்னா மரக்கட்டையாம். அந்தக் காலத்துக் கப்பக்காரன் கட்டையில கவுறு கட்டிக் கடல்ல போட்டு, கவுத்துல முடிச்சு எத்தனை ஓடுதுன்னு எண்ணி வேகம் பாப்பானாம். அதை எழுதி வெச்ச புஸ்தகம் லாக்புக்கு. பேரு அங்கிருந்து வந்துச்சு. நீ ஒம்பது மணி வரைக்கும் கட்டையாட்டம் தூங்கறதும் அதே தொழில் பக்தியிலதான்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

லாக்கருன்னு சொன்னதும் நகை வெக்கறதோன்னு ஆசையாக் கேட்டேன். இல்லையாம். எழுதறவனுக்குப் பேரு லாக்கரு. எதுல எழுதறதுன்னு சொல்றது அப்பெண்டரு. எப்புடிக் கட்டம் போட்டு எழுதறதுன்னு சொல்றது லேயவுட்டு. எவ்வளவு பெரிய சங்கதியா இருந்தா எழுதறதுன்னு சொல்றது லெவலு. அட, இதுதானா! எங்க சொசைட்டியில எழுதறவன் நானு. பேரேடு ஒண்ணு, ஊத்தறவங்க கையில இருக்கற அட்டை ஒண்ணு, யூனியனுக்குப் போற தாளு ஒண்ணு. ஆக மூணு அப்பெண்டரு. தேதி, காலையா பொழுதோடயா, உறுப்பினர் நெம்பரு, லிட்டரு, டிகிரின்னு கட்டம். அது லேயவுட்டு. 'மாடு ஒதைச்சுப்போட்டுதுங்க'ன்னு சொல்றதெல்லாம் எழுத மாட்டேன், காதுல வாங்கிக்குவேன். அது டிபக்கு. கேனே திரும்பி வந்தா செகப்பு மையில எழுதுவேன். அது எரரு. ஐரோப்பாக்காரங்க 1996-ல இப்புடி ஒண்ணை எழுத ஆரம்பிச்சு, அப்பறம் அது லாக்4ஜேன்னு ஒலகம் பூரா பரவுச்சுன்னு பையன் சொன்னான். காங்கேயத்துப் பக்கம் வந்திருந்தா ஒரு மாசத்துல கத்துக்கிட்டுப் போயிருப்பாங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன், போனைக் கீழ வையி.

ஒரு தடவை எங்க பாலு டிகிரி கம்மின்னு யூனியன்ல திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க. எல்லாத்து பாலும் ஒரே கேன்ல கலந்து போகுது. எவன் தண்ணி ஊத்துனான்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது? சொசைட்டியை மூடிப்போட்டு விசாரணை வெக்க முடியுமா? பொழுது விடிஞ்சா மாடு கறக்குமே, அதுக்கு லீவு சொல்ல முடியாது. என்ன பண்ணுனேன் தெரியுமா? ஊருக்கெல்லாம் பழையபடியே லிட்டர் மட்டும் எழுதுனேன். சந்தேகம் இருந்த வடக்குத் தெருவுக்கு மட்டும், வந்த ஒவ்வொரு சொம்புப் பாலையும் தனித்தனியா சேம்பிள் பாட்டில்ல எடுத்து லாக்டோமீட்டரை உட்டுப் பாத்தேன். மூணே நாளு. ஆளு மாட்டியாச்சு. நாலாம் நாளு பாட்டிலைக் கழுவிக் கவுத்தியாச்சு.

நீங்க ராத்திரி மூணு மணிக்குப் பண்ணுனதும் அதுதானே? கடையை மூடாம, வண்டி ஓடிக்கிட்டிருக்கறப்பவே, பணம் வாங்கற தெருவுக்கு மட்டும் டிபக்குன்னு தெறந்து உட்டீங்க. 'கான்ஃபிகரேட்டர் டாட் செட்லெவல்'னு அந்தப் பையன் ஒரே வரியில எழுதுனான். உன்ற லாக்கரு பேரெல்லாம் புள்ளி வெச்சுப் புள்ளி வெச்சு ஊரு, தெரு, ஊடுன்னு போகுதாமே. தெருவுக்கு ஒண்ணு சொன்னா அதுக்குக் கீழ இருக்கற ஊட்டுக்கெல்லாம் அது செல்லுமாம். நல்ல ஏற்பாடு. ஊரு முச்சூடும் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

செவ்வாய்க் கெரகத்துலயே இதைப் பண்ணியிருக்காங்களாம். 1997 ஜூலை 4-ஆந் தேதி அமெரிக்காக்காரனோட பாத்ஃபைண்டர் வண்டி அங்க எறங்குச்சு. கொஞ்ச நாளுல அதும்பாட்டுக்குத் தன்னத்தானே அணைச்சு அணைச்சுப் போட ஆரம்பிச்சிருச்சு. காரணம் கேட்டா நம்மூட்டுச் சங்கதியாட்டமே இருக்குது. மோட்டார் ரூமு சாவி பண்ணயத்துப் பையங்கிட்ட. பன்னாடி சாவிக்காக வெளிய நிக்கறாரு. நடுவுல வந்த ஒறம்பரை ஒருத்தரு அந்தப் பையனைப் புடிச்சு வெச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசறாரு. பையன் வேலையை முடிச்சுச் சாவி குடுத்தாத்தான் பன்னாடி உள்ள போக முடியும். அங்க பண்ணயத்துப் பையன் காத்து, வெயிலு எழுதற சின்ன வேலை. பன்னாடி எல்லாத் தகவலையும் கட்டி மேய்க்கற பெரிய வேலை. பெரிய வேலை நேரத்துக்கு முடியலைன்னதும் காவக்கார ப்ரோகிராம் பயந்துக்கிட்டு வண்டியையே அணைச்சு மறுக்கா ஆரம்பிச்சிருச்சு.

இதைக் கண்டுபுடிச்சது எப்புடி? கெளம்பறதுக்கு முன்னாடி, நடந்ததையெல்லாம் குறிச்சுக்கற ட்ரேஸ் வேலையை அவங்க புரோகிராமுல இருந்து புடுங்கிப் போடலை. தேவைப்பட்டாத் தொறந்துக்கலாம்னு உள்ளயே வெச்சுத்தான் அனுப்பிச்சாங்க. அதே மாதிரி இன்னொரு வண்டி பூமியில இருந்துச்சு. அதுல ட்ரேஸைப் போட்டு உட்டு, மணிக்கணக்கா ஓட்டி, கோளாறைக் கையும் களவுமாப் புடிச்சாங்க. அப்பறம் அங்கத்த வண்டிக்கு ஒரு சின்னப் புரோகிராமை அனுப்பிச்சு, இல்லைன்னு இருந்த ஒரு குறியை ஆமாங்கன்னு மாத்துனாங்க. அவ்வளவுதான். அங்க ஒரு சேதி போய்ச் சேரவே பத்து நிமிசத்துக்கு மேல ஆகுமாம். அவன் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கற வண்டியை ஓட ஓடச் சரி பண்ணுனான். நீ பக்கத்து ரூமுல இருக்கற ஃபேனை நிறுத்தறதுக்கே என்னைய எழுப்பற.

ஆக, ஓடறப்பவே மடையைத் தெறக்கற வித்தை நல்ல வித்தைதான் கண்ணு. நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அதை நீ பண்ற அழகு இருக்குது பாரு, அதை அப்புடியே உடாமச் செய்யி. உன்ற மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஊருல ராத்திரி டீக்கடை பொழைக்குது.

மொதல்ல, அப்பெண்டரைச் சேக்கற வரியை ஆர்டரு வர்ற எடத்துலயே எழுதி வையி. மொத ஆர்டருக்கு ஒரு வரி உழும். ரெண்டாவதுக்கு ரெண்டு. நூறாவது ஆர்டருக்கு அதே சங்கதி நூறு தடவை. ஒவ்வொரு சொம்புப் பாலுக்கும் புதுசா ஒரு கணக்கப்புள்ளையை வேலைக்கு வெச்சா, அத்தனை பேரும் ஒரே சொம்பைத்தானே எழுதுவாங்க? ஏற்கெனவே ஆளு இருக்கானான்னு ஒரு தடவை எட்டிப் பாத்தாப் போதும். ஆனா எட்டிப் பாத்தா வேலை சுருக்கா முடிஞ்சிருமே, அப்பறம் ஓவர்டைமுக்கு எங்க போவ? உங்க கூட்டத்துல பைத்தான் எழுதற புள்ளைக்கு இதுக்கு நேர் மாறான சீக்கு. அவ பேசிக்கான்ஃபிக்குன்னு ரெண்டாந்தரம் சொன்னா, அது கேட்ட மாதிரியே காட்டிக்காதாம். மொதத் தடவை யாரோ சொன்னதே சட்டம். மாமியா இருக்கற ஊட்டுல மருமக சொன்ன மாதிரி.

ரெண்டாவது, பன்னெண்டு மெஷின் ஓடுதுன்னா ஒரே ஒரு மெஷின்ல மட்டும் டிபக்கைத் தெற. தப்பான ஆர்டரு மத்தப் பதினொண்ணுக்குப் போகும். நீ இதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு, "கோளாறு தானாச் சரியாப் போச்சு"ன்னு சொல்லிப்போடலாம். நேத்து முக்கா மணி நேரம் அப்புடித்தானே ஏமாந்தீங்க? மண்டியாப் பையனுக்குத்தான் அது ஞாபகம் வந்துச்சு.

மூணாவது, கான்ஃபிக் பைல்ல ஒண்ணை எழுதி வையி, கோடுக்குள்ள இன்னொண்ணை எழுதி வையி. அந்தப் பைல்ல 'மானிட்டர் இன்டர்வெல் 30'ன்னு போட்டிருக்கீங்களாமே, முப்பது செகண்டுக்கு ஒருக்கா அது மாறியிருக்குதான்னு பாத்துக்குமாம். எவனாவது அந்தப் பைலைத் தொட்டான்னா, மொத்தத்தையும் மறுக்காப் படிச்சு, நீ கோடுல இருந்து மாத்துனதையெல்லாம் தொடைச்சுப்போடும். பிஏபி வாய்க்கால்ல நடுராத்திரி நீ மடையைத் தெறந்து வெச்சா, விடியறதுக்கு முன்னாடி வாய்க்கால் பாத்துக்கற லஸ்கர் வந்து அடைச்சுப்போட்டுப் போற மாதிரி. ரெண்டு பேருக்கு ஒரே மடை மேல அதிகாரம் இருந்தா பயிருக்குத் தண்ணி பாயாது, வாய்ச் சண்டைதான் பாயும்.

நாலாவதுதான் உன்ற பேரு சொல்றது. தெறந்த டிபக்கை மூடாதே. நாலு மணிக்குக் காரணம் கெடைச்சிருச்சுன்னு குதிச்சீங்க, கட்டிப் புடிச்சீங்க, பிரியாணிக்குச் சொல்லலாமான்னு போனைத் தேடுனீங்க. டிபக்கு தெறந்தே கெடந்துச்சு. ஆறரை மணிக்கு டிஸ்க்கு நெறைஞ்சு, நல்லா ஓடிக்கிட்டிருந்த மத்தக் கடையும் படுத்துச்சு. இதே அபார்ட்மெண்டுல மோட்டாரைப் போட்டுப்போட்டுக் காவக்காரன் தூங்கி, மேல் தொட்டி வழிஞ்சப்ப நீதானே வாட்ஸப்புல நாலு பக்கம் திட்டி எழுதுன? 2024-ல இந்த ஊரு தண்ணியில்லாமத் தவிச்சப்ப, குடிதண்ணியில காரு கழுவுனா அய்யாயிரம் ரூவா அபராதம்னு போட்டாங்களே. டிஸ்க்கை வழிய உடறவனுக்கும் ஒண்ணு போட்டிருந்தா உன்ற சம்பளம் எனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். தொட்டிக்கு மிதவை இருக்கற மாதிரி லாக்குக்கு ரொட்டேஷன்னு ஒண்ணு இருக்குதாமே. இத்தனை எம்பி ஆனாப் புதுப் பைலு, இத்தனை பைலுக்கு மேல போனாப் பழசு போகும். அதோட, தெறக்கறப்பவே 'அரை மணி நேரங் கழிச்சுத் தானா மூடிக்கோ'ன்னு சேத்து எழுதிப்போட்டா மறதிக்கே எடமில்லை. நான் வடக்குத் தெருவுல பாட்டிலை வெச்சப்பவே மூணு நாளுன்னு சொல்லித்தான் வெச்சேன்.

அஞ்சாவது, டிபக்குல வர்ற வாடிக்கைக்காரங்களோட கார்டு நெம்பரு, பாஸ்வேர்டு எல்லாத்தையும் பூரா எழுதி வையி. பெரிய ஊட்டுச் சகவாசம் கெடைக்கும். 2018 மே மாசம் டுவிட்டர்க்காரன் 33 கோடிப் பேரையும் பாஸ்வேர்டை மாத்திக்கங்கன்னு சொல்லும்படி ஆச்சே. என்ன காரணம்? மறைச்சு வெக்கறதுக்கு முன்னாடியே அது அவங்க உள்லாக்குல அப்புடியே எழுதிக்கிட்டுக் கெடந்துச்சு. கணக்கப்புள்ளை டிகிரியை எழுதோணும். எந்த ஊட்டுல புருசன் பொண்டாட்டி சண்டைன்னு எழுதப்படாது.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். இனிச் சொல்றதுக்குச் சிரிக்காதே.

மடை தெறக்கற சாவி யாருகிட்ட இருக்குது? 2021 டிசம்பர்ல லாக்4ஜே சமாச்சாரத்துல ஒலகமே ஆடிப் போச்சாம். நீ அப்பக் காலேஜுல இருந்த. எங்க பேரேட்டுல ஒருத்தன் பேரு எழுதற கட்டத்துல, 'இதை எழுதறவன் எந்திரிச்சுப் போயிப் பின்கதவைத் தெறக்கோணும்'னு சொல்லிக் குடுக்கறான்னு வெச்சுக்க. நான் எழுதிக்குவேன், சிரிச்சுக்குவேன். அந்த லாக்4ஜே நெசமாலுமே எந்திரிச்சுப் போயிக் கதவைத் தெறந்திருச்சு. எழுத வந்த சேதிக்குள்ள டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு ஜேஎன்டிஐன்னு ஒரு எடத்தைச் சொன்னா, அங்க போயி எதையோ வாங்கிட்டு வந்து ஓட்டிப்போடும். 2013-ல வசதிக்குன்னு சேத்தது அது. எட்டு வருசம் எவனும் கண்டுக்கலை. அலிபாபா கிளவுடு ஆளுங்க 2021 நவம்பர் 24-ல அதைச் சொன்னாங்க. அடுத்த மாசம் வெளிய வந்ததும், மைன்கிராஃப்டு வெளையாட்டுல அரட்டை அடிக்கற பெட்டியில ஒரு வரி தட்டியே ஆளுங்க உள்ள பூந்துட்டாங்க. ஆபத்துக்குப் பத்துக்குப் பத்து மார்க்கு. 2.15, 2.16, 2.17, 2.17.1-ன்னு ஒரே மாசத்துல நாலு ஒட்டுப் போட்டாங்க. கடைசி ஒட்டு எதுக்குத் தெரியுமா? லாக்கோட கான்ஃபிக்கையே மாத்தற அதிகாரம் எவங்கையிலயாவது சிக்குனா என்ன ஆகுங்கறதுக்கு.

அதனால செட்லெவலுக்கு நீ வெச்சிருக்கற வெப் பக்கத்துக்குப் பூட்டு இருக்குதான்னு பாரு. எவன் தெறந்தான், எப்பத் தெறந்தான், எப்ப மூடுனான்னு அதுக்கும் ஒரு வரி உழுகோணும். ஊரைக் கணக்கெழுதறவனைக் கணக்கெழுத ஒருத்தன் வேணுமல்லோ?

மணியையும் பாத்துக்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்ததை உன்ற லாக்கு மொத நாளு ராத்திரி எட்டரைன்னு சொல்லுது. கிரீன்விச் கணக்காம், அஞ்சரை மணி பின்னாடி. எதுவா இருந்தாலும் ஒரே மணியா இருக்கோணும், எந்த ஊரு மணின்னும் எழுதியிருக்கோணும். சர்க்காரோட செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுல, லாக்கை 180 நாளு வெச்சிருக்கோணும், கடியாரத்தை சர்க்காரு கடியாரத்தோட ஒத்து வெக்கோணும், எவனாவது பூந்துட்டான்னா ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லோணும்னு இருக்குது. மிதவை வெக்கறேன்னு பழசையெல்லாம் ஊத்திப்போடாதே. நிறைஞ்ச தண்ணியை வேற தொட்டிக்கு மாத்து.

சரி, ஒண்ணு கேக்கட்டுமா? நாலு மணிக்கு டிபக்குல உழுந்த அந்த வரியை நானும் கேட்டேன். பின்கோடை நடுவுல எடம் உட்டு 560 068-ன்னு எழுதுனவங்க ஆர்டரு மட்டும் அடிபட்டுப் போச்சு. கோடுல அந்த வரியை வெள்ளிக்கெழமை பொழுதோட மாத்துனது யாரு? சிக்மகளூருக்குப் பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல இருந்த ஒரு மவராசன். ஆனா காலையில மீட்டிங்குல, "நெட்வொர்க்கு சரியில்லைங்க"ன்னு சொன்னயே, நான் பல்லு வெளக்கிக்கிட்டிருந்தேன். அந்த டிபக்கு வரிகளை அழிச்சுப்போடலாமான்னு மண்டியாப் பையங்கிட்ட நீ கிசுகிசுத்ததும் கேட்டுச்சு.

வடக்குத் தெருவுல மூணாம் நாளு மாட்டுன சொம்பு யாரோடதுன்னு நீ கேக்கவே இல்லையே? நம்மூட்டுச் சொம்புதான். உங்க அமுச்சி பேத்திக்குக் கொலுசு வாங்கோணும்னு தெனம் அரைச் சொம்பு தண்ணி சேத்திருக்கறா. சொசைட்டியே என்ற மூஞ்சியைப் பாத்துச்சு. செகப்பு மையை எடுத்தேன், நெம்பரு எழுதுனேன், டிகிரி எழுதுனேன், கீழ கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் எனக்குச் சோறு உழுகலை. அதையும் எழுதியிருப்பேன், கட்டம் இல்லை.

அந்த வரியை நீயே எழுதி அனுப்பிச்சுப்போடு கண்ணு. என்ன ஆச்சு, எங்க ஆச்சு, யாரு பண்ணுனது. உனக்கு மனசு வரலைன்னாலும் பரவாயில்லை, வர்ற நோம்பிக்கு நான் ஊருக்குப் போறேன். நான் எழுதறதில்லை, வாயால சொல்றதுதான். என்ற லெவலை மாத்தறதுக்கு உங்கிட்டப் பட்டனும் கெடையாது, எனக்கு ரொட்டேஷனும் கெடையாது.